ஆலாந்தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீர்

ஜூன் 22, ஞாயிறு

இந்த நோட்டு விவசாய ஆபீஸரம்மா கொடுத்தது. எந்த வயலுக்கு என்ன உரம், எத்தனை தண்ணீர் என்று தேதி போட்டு எழுதி வைக்க வேண்டுமாம். ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு வீட்டுப்பாடம். அந்தம்மா போனதும் ருக்குமணி சிரித்தாள். "கல்யாணப் பத்திரிகைல பேர் எளுதறதுக்கே என்னையக் கூப்புடுவீங்க. நீங்க நோட்டு எளுதப் போறீங்களாக்கும்?" பெண்டாட்டி அப்படிச் சொன்னதற்காகவே எழுதுகிறேன்.

மஞ்சள் நட்டுப் பன்னிரண்டாம் நாள். ஒன்றரை ஏக்கர். ஒரு தண்ணீர் கட்டினேன். உரம் இல்லை.

குழந்தை இன்று மூன்று தடவை சிரித்தாள். இது உரக் கணக்கில் வராது. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

ஜூன் 24, செவ்வாய்

குழந்தை யாரென்று ஆபீஸரம்மா கேட்டால் பதில் வேண்டுமே. என் மகள் சுகந்தியின் பெண். பெயர் நிறைமதி. நான் கூப்பிடுவது அம்மிணி. மாசியில் பிறந்தாள். மூன்றாம் மாதம் சீர் செய்து தாயையும் பிள்ளையையும் ஆலாந்தோட்டத்துக்கு அனுப்பி வைத்தோம். அதுதான் சுகந்தியின் புகுந்த வீடு. எங்கள் கரட்டுத்தோட்டத்தை ஒட்டி ஓடுகிற நொச்சிப்பள்ளம்தான் அவர்கள் கிணற்றோரமாகவும் ஓடுகிறது. எங்கள் பக்கம் ஓடையைப் பள்ளம் என்போம். கரையோரமாக நடந்தால் மூன்று கிலோமீட்டர். நாங்கள் மேலே, அவர்கள் கீழே.

இந்த மாதம் பதினோராம் தேதி குழந்தையின் உதடு நீலம் பூத்துவிட்டது. நகமும் அப்படித்தான். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். தாய்ப்பால் போதாமல் பவுடர் பால் கலக்கிறார்கள் அல்லவா, அதற்கென்று கேன் தண்ணீர் வாங்கி வைத்திருந்தார்கள். ஒரு வாரம் வண்டி வரவில்லை. சம்பந்தியம்மா கிணற்றுத் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்துக் கலக்கிக் கொடுத்திருக்கிறார். பாவம், நல்லது என்றுதான் செய்தார். "கொதிச்சா கிருமிதாங்க சாகும். இது உரத்து உப்பு. தண்ணி சுண்டச் சுண்ட இன்னும் கெட்டியாத்தான் ஆகும்" என்றார் டாக்டர். நைட்ரேட் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

அம்மிணி இப்போது நன்றாக இருக்கிறாள். எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். எங்களுக்குப் பஞ்சாயத்துக் குழாய் இருக்கிறது, அவர்கள் தோட்டம் வரைக்கும் அந்தக் குழாய் போகவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

ஆலாந்தோட்டம் போனேன். சம்பந்தி நாச்சிமுத்து கட்டுத்தரையில் மாட்டுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தார். மூன்று மாடுகள். ஒவ்வொன்றுக்கும் பேர் வைத்துப் பேசிக்கொண்டே வேலை செய்கிற மனிதர். என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. "எங்கூட்டுத் தண்ணியில போயி புள்ளைக்கு இப்பிடி ஆயிப்போச்சேங்க சம்பந்தி. தலை நிமுந்து பாக்க முடியலீங்" என்றார். "அட, நீங்க என்னங்க பண்ணுவீங்க" என்றேன்.

சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். "இப்பத்தானுங் குடிச்சுப்போட்டு வந்தேன்" என்றேன். இளநீர் வெட்டினார். அதைக் குடித்தேன்.

இனி மாதம் பிறந்தால் முதல் தேதி அந்தக் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்க வேண்டும் என்று முடிவானது. மகளிர் குழு மல்லிகேஸ்வரி அதற்குப் பயிற்சி எடுத்தவள், பஞ்சாயத்து ஆபீசில் மருந்துப் பெட்டி வைத்திருக்கிறாள். சம்பந்திக்கு முழங்கால் வலி. பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகிற வேலையை நான் ஏற்றுக்கொண்டேன்.

ஜூலை 1, செவ்வாய்

மல்லிகேஸ்வரி தண்ணீரைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, மருந்துத்தூள் போட்டுக் குலுக்கினாள். பத்து நிமிஷத்தில் செம்பருத்திப் பூ மாதிரிச் சிவந்துவிட்டது. அட்டையில் கட்டம் கட்டமாக நிறம் இருக்கிறது. பத்து, நாற்பத்தைந்து, நூறு. எங்களுடையது நூறையும் தாண்டி நின்றது. "நாப்பத்தஞ்சுக்கு உள்ள வரோணுமுங் மாமா. ரோஸ் கலர் லேசா தெரியற மாதிரி. அதுவரைக்கும் புள்ளைக்கு ஆகாது" என்றாள்.

சுகந்தியிடம் சொன்னேன். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றவள் திரும்பவே இல்லை. "ரோஸ் கலருக்கு வந்ததும் சொல்லுங்கப்பா, போறேன். நீல ஒதட்ட நா ஒருக்காப் பாத்ததே போதும்."

மாப்பிள்ளை யுவராஜ் சாயங்காலம் வந்தார். இரண்டு சீப்பு வாழைப்பழத்தோடு. எங்கள் தோட்டத்தில் ஐந்நூறு வாழை நிற்கிறது. மாமனார் வீட்டுக்கு வெறுங்கையோடு வரக்கூடாது என்று யாரோ சொல்லி வளர்த்திருக்கிறார்கள்.

ஜூலை 5, சனி

பள்ளத்தோரமாக நடந்தேன். சும்மாதான்.

தரைப்பாலத்தருகில் நம் கோழி எருக் குவியல் இருக்கிறது. லாரி அதுவரைக்கும்தான் வரும், அதனால் பதினோரு வருஷமாக அங்கேதான் கொட்டிக்கொண்டிருக்கிறோம். அதன் அடியிலிருந்து டிக்காஷன் நிறத்தில் ஒரு கோடு கசிந்து பள்ளத்தில் இறங்குகிறது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். வந்துவிட்டேன்.

ஜூலை 7, திங்கள்

கோழி எருவை மேட்டுக்கு மாற்றினோம். டிராக்டர், ஆறு நடை. குழி வெட்டித் தார்ப்பாய் விரித்து, மேலேயும் மூடினேன். காரணம் ஒன்றும் பெரிதாக இல்லை. தோட்டத்துக்கு எடுத்துப்போட வசதி.

"பதனோரு வருசமா வசதியில்லாமயா கெடந்துது?" என்றாள் ருக்குமணி. இவளுக்குப் பதில் சொன்னால் பொழுது விடியாது.

ஜூலை 14, திங்கள்

மஞ்சளுக்கு முதல் யூரியா. எப்போதும் கைநிறைய அள்ளி வீசிவிட்டு மடையைத் திறந்துவிடுவேன். கடைப்பாத்தி நிறைந்து, வடிகாலில் வழிந்து, பள்ளத்தில் விழுகிற சத்தம் கேட்டால்தான் தண்ணீர் கட்டி முடிந்தது என்று அர்த்தம். என் அப்பன் காலத்திலிருந்து அந்தச் சத்தம்தான் எங்களுக்குக் கடிகாரம்.

இந்தத் தடவை வடிகாலை மண் போட்டு அடைத்தேன். யூரியா பாதி அளவு. செடிக்குப் பக்கத்தில் கொத்தி மூடினோம். அளவாகத் தண்ணீர். சத்தம் வராததால் எப்போது நிறுத்துவது என்று தெரியாமல் பைத்தியக்காரன் மாதிரி பாத்தி பாத்தியாக ஓடிக்கொண்டிருந்தேன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சுகந்தி வரப்பில் நின்று சிரித்தாள். இந்தப் பெண் சிரித்து ஒரு மாதம் இருக்கும்.

ஜூலை 21, திங்கள்

பள்ளத்தின் கரை நெடுக ஆறடி அகலத்துக்குச் சீமைப்புல் நட்டோம். வயலிலிருந்து வழிகிறதைப் புல் தடுத்துக் குடித்துவிடுமாம். ஆபீஸரம்மா சொன்னது. ஆறடி நிலம் போகிறதே என்று வயிறு எரிந்தது. மாட்டுக்குத் தீனி ஆகும் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

செம்பருத்தி. மாற்றமே இல்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு நோம்பி. பெண்கள் எல்லோரும் பள்ளத்தில் இறங்கிப் பூவும் காதோலைக் கருகமணியும் விட்டார்கள். பிறந்த குழந்தைக்கு முதல் ஆடியில் பள்ளத்துத் தண்ணீரில் கால் நனைப்பது எங்கள் வீட்டு வழக்கம். எனக்குச் செய்தார்கள், சுகந்திக்குச் செய்தோம். ருக்குமணி அம்மிணியை வாங்கக் கை நீட்டினாள். சுகந்தி ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். "வேண்டாம்மா." அவ்வளவுதான். சொம்பில் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்து கரையிலேயே காலைக் கழுவிவிட்டார்கள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆலாந்தோட்டத்துத் தண்ணீர், ஆலாந்தோட்டத்துத் தண்ணீர் என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். அது என் தண்ணீர். நான் வழியவிட்டது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

எனக்கு மேலேயும் நாலு தோட்டம் இருக்கிறது. நான் மட்டும் அடைத்தால் எப்படி? மேல்தோட்டத்துக் காளியப்பன் மருந்தடித்த டாங்கைப் பள்ளத்தில் முக்கிக் கழுவிக்கொண்டிருந்தான். கரையிலேயே எருக்குவியல்.

"ஏண்டா, அறிவு கெட்டவனே, கீழ மனுசங்க குடிக்கறது தெரியாதா?"

"ஏனுங்ணா, போன மாசம் வரைக்கும் நீங்களும் இதையேதானே பண்ணீட்டிருந்தீங்க?"

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. அவன் சொன்னது உண்மை என்பதால் கோபம் இரண்டு மடங்கு. வீட்டுக்கு வந்தேன். அம்மிணிக்குச் சட்டை மாட்டி, நெற்றியில் மையிட்டு, தோளில் தூக்கிக்கொண்டு திரும்பவும் போனேன். "இவளுக்குத்தாண்டா ஒதடு நீலமாப் போச்சு" என்றேன். குழந்தை அவன் மீசையைப் பிடித்து இழுத்தாள். காளியப்பன் மீசையை விடுவித்துக்கொண்டு, டாங்கைக் கரையில் ஏற்றி வைத்தான். பிறகு "எருக் குமிய எங்கீங்ணா மாத்தறது?" என்று கேட்டான்.

நாலு தோட்டத்துக்கும் தூக்கிக்கொண்டு போனேன். நாலு பேரும் சரி என்றார்கள். இவளைத் தேர்தலில் நிறுத்தினால் ஜெயிப்பாள்.

செப்டம்பர் 1, திங்கள்

சிவப்பு ஒரு கட்டம் இறங்கியிருக்கிறது! நூறுக்குள் வந்துவிட்டது. மல்லிகேஸ்வரி அட்டையை வெயிலில் பிடித்து மூன்று தடவை பார்த்தாள். எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

வீட்டில் சொன்னதும் ருக்குமணி சாமிக்குக் கற்பூரம் ஏற்றினாள். "அப்ப தைக்குள்ள தாட்டி உட்டுறலாமுங்" என்றாள். தாட்டி விடுவது என்றால் அனுப்பி வைப்பது.

ராத்திரிச் சோறு ஏனோ இறங்கவில்லை. ரசத்தில் உப்பு ஜாஸ்தி.

செப்டம்பர் 2, செவ்வாய்

ரசத்தில் உப்பு சரியாகத்தான் இருந்ததாம். எல்லோரும் சொல்கிறார்கள்.

செப்டம்பர் 23, செவ்வாய்

வாழைக்குப் போட்ட சொட்டுநீர்க் குழாயை மஞ்சளுக்கும் நீட்டினோம். அம்மிணி குப்புற விழுந்து நகர்கிறாள். பின்னால்தான் நகர்கிறாள். முன்னால் வர நினைத்துக் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள், பிறகு நம்மைத் திட்டுகிறாள். காலையில் என் செருப்புச் சத்தம் கேட்டால் மட்டும் தலையைத் தூக்குகிறாள். இதை ருக்குமணி ஒத்துக்கொள்வதில்லை.

அக்டோபர் 1, புதன்

நூறுக்கும் நாற்பத்தைந்துக்கும் நடுவில். எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்.

அக்டோபர் 18, சனி

நாலு நாளாகக் கனமழை. பள்ளம் செம்மண் நிறத்தில் கரை தொட்டு ஓடுகிறது. புல் பிடித்துக்கொண்டிருக்கிறது. பழைய குவியல் கிடந்த இடம் மட்டும் அரித்துக்கொண்டு போனது.

நவம்பர் 1, சனி

மறுபடி செம்பருத்தி. மண்ணில் ஊறிக்கிடந்த பழைய பாக்கியை மழை கழுவிக் கொண்டுபோய்க் கிணற்றில் சேர்த்திருக்கிறது, இரண்டு மழை போனால் தெளியும் என்றார் ஆபீஸரம்மா. மாப்பிள்ளை ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டுவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். சுகந்தி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நானும் வருத்தப்பட்டேன். வருகிற வழியில் மைசூர்பாகு வாங்கியிருந்தேன். அது வேறு விஷயம், கடையில் புதிதாகப் போட்டிருந்தான்.

நவம்பர் 12, புதன்

கிழங்கு பருக்கிற நேரம். சொட்டுநீரில் கரைத்துவிடுகிற வெள்ளை உரம் வந்திருக்கிறது. மூட்டையில் 13-0-45 என்று போட்டிருக்கிறது. பார்க்கச் சர்க்கரை மாதிரி. ஆபீஸரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். "இதுல நைட்ரேட் நேரடியா இருக்குங்க ஐயா. வேருக்குப் போனா மருந்து. பள்ளத்துல ஒரு சிட்டிகை சிந்தக்கூடாது. ஒரு சிட்டிகையில ஒரு பாட்டில் தண்ணி கெட்டுப்போயிரும்."

நவம்பர் 25, செவ்வாய்

என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். எண்ணினேன். பதினேழு எண்ணும் வரைக்கும் நின்றாள். பிறகு உட்கார்ந்துவிட்டு, விரலை மட்டும் விடவில்லை. மஞ்சளுக்கு இன்று தண்ணீர் விட வேண்டும். விடவில்லை. விரலை எப்படி உருவுவது?

நவம்பர் 30, ஞாயிறு

பள்ளம் தெளிந்துவிட்டது. தரைப்பாலத்தடியில் கெண்டைக் குஞ்சு ஓடுகிறது. அங்கே மீன் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று. மாப்பிள்ளை வந்திருந்தார். ஆலாந்தோட்டத்தில் தொட்டிலுக்கு வர்ணம் அடித்துவிட்டாராம். கைவிரலில் பச்சைப் பெயின்ட் ஒட்டியிருந்தது. "நாளைக்கு நல்லபடியா வரும்னு மனசு சொல்லுதுங் மாமா" என்றார். நானும் ஆமாம் என்றேன்.

டிசம்பர் 1, திங்கள்

மஞ்சளுக்கு உரம் எதுவும் விடவில்லை. 13-0-45 மூட்டையை அவிழ்த்துப் பார்த்தேன், மழை ஈரத்தில் கட்டி தட்டிவிட்டதா என்று. தட்டவில்லை.

ஆலாந்தோட்டத்தில் தண்ணீர் பிடித்தேன். மல்லிகேஸ்வரியிடம் கொடுத்தேன். வெயில் அதிகம். தலைவலி.

டிசம்பர் 2, செவ்வாய்

நேற்று எழுத விட்டுப்போனது: நிறம் செம்பருத்தியையும் தாண்டிக் கறுத்துவிட்டது. மல்லிகேஸ்வரியே பயந்துபோய்விட்டாள்.

அம்மிணி இன்று வேப்பமரம் வரைக்கும் தவழ்ந்தாள். முன்னாலேயே.

டிசம்பர் 4, வியாழன்

சம்பந்தி வந்திருந்தார், முழங்கால் வலியோடு, பஸ் பிடித்து. நான் அவரைப் பார்க்காமல் மோட்டார் ரூமில் வேலை இருப்பதாகப் போய் நின்றேன். அங்கேயே தேடி வந்துவிட்டார்.

"நீங்க மனசொடஞ்சு போவாதீங் சம்பந்தி. மேலே அத்தனையும் அடச்சீங்க, புல்லு நட்டீங்க, நாலு தோட்டத்துக்காரனையும் திருப்புனீங்க. நீங்க பண்ணுனதுக்கு மேல ஒருத்தன் பண்ண முடியாது. கோளாறு எங்கிட்டதான். ரா முச்சூடும் ரோசன பண்ணிப் பாத்தேன். கெணத்துக்கு இருவதடியில கட்டுத்தர இருக்குதல்லீங். மாட்டு மூத்தரம் பூராம் உள்ளதான எறங்கும். அதப் பிரிச்சுப் போடறேன். மாட்டச் சந்தைக்கு ஓட்டீரலாம்னு இருக்கறேன்."

"மாட்டயா?" என்றேன்.

"பேத்தி பெருசா, மாடு பெருசாங்?" என்று சிரித்தார். கண் கலங்கியிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

அவர் போன பிறகு மோட்டார் ரூமிலேயே உட்கார்ந்திருந்தேன்.

டிசம்பர் 5, வெள்ளி

சாப்பிட உட்கார்ந்தால் இலை ஓரத்தில் சின்னதாக மடித்த செய்தித்தாள் துண்டு. ருக்குமணி என் சட்டையைத் துவைக்கும்போது பையில் இருந்ததாம். மடிப்பில் வெள்ளைத் தூள் ஒட்டிக்கொண்டிருந்தது.

"சக்கரையாக்கும்னு நாக்குல வெக்கப் போனேன்" என்றாள். சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். முப்பத்தைந்து வருஷத்தில் என்னைத் திட்டாமல் இவள் சோறு போட்டது இன்றைக்குத்தான்.

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டில் என்ன உரம், எங்கே, எவ்வளவு என்றுதானே எழுதச் சொன்னார்கள். டிசம்பர் ஒன்று, 13-0-45, ஒரு சிட்டிகை, ஆலாந்தோட்டத்துப் பாட்டிலில். போட்டது கிட்டுசாமியாகிய நான். கிணற்றில் போடவில்லை. பாட்டிலில்தான். கிணற்றில் போட எனக்கு மனம் வராது. இதைச் சொல்லிக்கொண்டு நல்லவனாக முடியாது என்றும் தெரியும்.

அவள் போய்விடுவாள் என்று பயந்துவிட்டேன்.

டிசம்பர் 6, சனி

விடிந்ததும் ஆலாந்தோட்டம் போனேன். சம்பந்தி ஏணியில் நின்று கட்டுத்தரை ஓட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார், அந்த முழங்காலோடு. பாதிக் கூரை வெறும் சட்டமாக நின்றது. மாடு மூன்றும் தென்னையடியில் கட்டியிருந்தன. சந்தைக்காகக் கழுவி, கொம்புக்கு எண்ணெய் போட்டிருந்தார்.

"எறங்குங் சம்பந்தி" என்றேன். "மாட்டு மேல தப்பில்லீங். கெணத்து மேலயும் தப்பில்லீங். நாந்தான் பாட்டில்ல ஒரத்தக் கலந்தேன்."

அவருக்குப் புரியவில்லை. திரும்பச் சொன்னேன். இரண்டாவது தடவை சொல்வது முதல் தடவையைவிடக் கஷ்டம்.

"ஏனுங்?" என்றார்.

"புள்ளைய உட்டுட்டு இருக்க முடியாதுன்னுங்."

ஏணியிலேயே நின்றார். முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேசுவார், திட்டுவார், செருப்பால் அடித்தாலும் அடிப்பார் என்று இருந்தேன். அவர் திட்டவில்லை. "அந்த ஓட்ட எடுத்துக் குடுங்" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். பிரித்த ஓட்டை எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப அடுக்கினார். நான் கொடுக்க, அவர் அடுக்க, மத்தியானம் ஆகிவிட்டது. சம்பந்தியம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு கிழட்டு மனிதர்களுக்கும் என்ன வந்தது என்று தெரியாமல் திரும்பிப் போனார். கடைசி ஓடு வைத்ததும் சம்பந்தி இறங்கினார். கிணற்றுக்குப் போனார். ஒரு வாளி சேந்தினார். சொம்பில் மொண்டு என் முன்னால் நீட்டினார்.

"இந்தூட்டுக்குப் பொண்ணக் குடுத்து ரெண்டு வருசமாச்சு. இதுவரைக்கும் எங்கூட்டுத் தண்ணிய நீங்க வாயில வெச்சதில்ல. இப்பத்தானுங் குடிச்சேன், எளநி போதுமுங்னு ஒவ்வொருக்காவும் ஒரு சாக்கு. நாங் கவனிக்கலைன்னா நெனச்சீங்க? மேலிருந்து என்ன வருதுன்னு உங்களுக்குத் தெரியும். எம் புள்ளைக குடிக்கறதும் தெரியும்." சொம்பை இன்னும் நெருக்கி நீட்டினார். "குடிங் சம்பந்தி."

குடித்தேன். நல்ல தண்ணீர். கொஞ்சம் பாறை வாசம். சொம்பைக் காலி செய்துவிட்டுத்தான் கீழே வைத்தேன். அப்புறம் நான் குழந்தை மாதிரி அழுதேன். அவர் மாட்டை அவிழ்த்துக் கட்டுத்தரையில் கட்டிக்கொண்டே, "சுகந்திகிட்ட நாஞ் சொல்லமாட்டேன். நீங்கதான் சொல்லோணும்" என்றார்.

டிசம்பர் 7, ஞாயிறு

சொல்லிவிட்டேன். மாப்பிள்ளையும் இருந்தார். சுகந்தி, "உங்களுக்குப் புத்தி கித்தி இருக்குதாப்பா?" என்றாள். "நா எம் புருசன் ஊட்டுக்குப் போறதா வேண்டாமான்னு தண்ணிய நம்பி ஆறு மாசமா ஒக்காந்திருக்கறேன். நீங்க அதுல உப்புப் போட்டு வெளையாடறீங்க." குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மாப்பிள்ளை விரலில் இருந்த பச்சைப் பெயின்ட்டைச் சுரண்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

டிசம்பர் 8, திங்கள்

மஞ்சளுக்குத் தண்ணீர். குழந்தையை என்னிடம் தரவில்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

தரவில்லை.

டிசம்பர் 10, புதன்

என் செருப்புச் சத்தம் கேட்டு உள்ளே அம்மிணி கத்தினாள். வாசலோடு திரும்பிவிட்டேன்.

டிசம்பர் 11, வியாழன்

வாழையடியில் உட்கார்ந்து பக்கக்கன்று அறுத்துக்கொண்டிருந்தேன். சுகந்தி வந்து குழந்தையை என் மடியில் தொப்பென்று வைத்தாள். "நாலு நாளா ஒரே அளுக. புடிங்க." போனவள் திரும்பி வந்தாள். "ஏம்ப்பா, மூணு கிலோமீட்டருக்கா இந்தக் கூத்து? நா என்ன துபாய்க்கா போறேன்?" என்று கேட்டுவிட்டு அவளும் பக்கத்தில் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. அம்மிணி என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

ஜனவரி 1, வியாழன்

இந்தத் தடவை பாட்டிலை நான் தொடவில்லை. சம்பந்தி கையால் சேந்தி, மூடி, மேலே டேப் சுற்றிக் கொடுக்க, மாப்பிள்ளை எடுத்துக்கொண்டு போனார். நான் ஆபீஸ் வாசலிலேயே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். பத்து நிமிஷம் கழித்து மல்லிகேஸ்வரி கண்ணாடிக் குழாயை வெளியே கொண்டுவந்து வெயிலில் காட்டினாள். உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது ரோஸ். அம்மிணியின் உள்ளங்கை நிறம். பத்துக்கும் நாற்பத்தைந்துக்கும் நடுவில்.

மாப்பிள்ளை என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். நான் எழுபது கிலோ.

ஜனவரி 19, திங்கள்

தை ஐந்து, நல்ல நாள். தாட்டி விட்டோம்.

தொட்டில் துணி, கிலுகிலுப்பை, சட்டை எல்லாம் மூட்டை கட்டியது நான்தான். பால் பவுடர் டப்பாவை மறந்த மாதிரி இங்கேயே விட்டால் அதை எடுக்கவாவது திரும்பி வருவார்களே என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நினைத்ததோடு சரி. ருக்குமணி பார்த்துக்கொண்டிருந்தாள், அதனாலும்.

போகும் வழியில் தரைப்பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னாள் சுகந்தி. இறங்கிப் பள்ளத்துக்குள் போனாள். தெளிந்த தண்ணீர், மணல் தெரிகிறது. "அப்பா, வாங்க. ஆடியில விட்டது" என்றாள். ஒரு பக்கம் அவள் பிடிக்க, மறுபக்கம் நான் பிடிக்க, அம்மிணியின் இரண்டு காலையும் தண்ணீரில் நனைத்தோம். ஜில்லென்றதும் காலைச் சுருக்கினாள். அப்புறம் அவளே நீட்டி டப் டப் என்று அடித்தாள். எங்கள் இரண்டு பேர் முகத்திலும் தண்ணீர். நான் துடைக்கவில்லை.

ஜனவரி 20, செவ்வாய்

மஞ்சளுக்குத் தண்ணீரை நிறுத்தியாயிற்று, அறுவடைக்குக் காய வேண்டும். வேறு வேலை இல்லை. வீட்டில் சத்தமே இல்லை.

ஜனவரி 22, வியாழன்

ருக்குமணி சமையலறையில் அழுதுகொண்டிருந்தாள். வெங்காயமாம். இன்றைக்கு உப்புமா, வெங்காயம் போடவில்லை.

பிப்ரவரி 1, ஞாயிறு

மாதம் பிறந்தது. பாட்டிலோடு ஆலாந்தோட்டம் போனேன். சம்பந்தியே திரும்பவும் என்னிடம் கொடுத்துவிட்டார் அந்த வேலையை. "நீங்களே புடிங் சம்பந்தி. இனி உங்களுக்கு மேல எவனும் காவக்காரன் இல்ல" என்றார். வாளியில் சேந்திப் பாட்டிலை நிறைத்தேன்.

வாசலில் செருப்பை விட்டதும் உள்ளிருந்து ஒரு கூச்சல். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள் என் அம்மிணி. சுவர் முடிந்த இடத்தில் நின்று யோசித்தாள். கையை விட்டாள். நாலு எட்டு. என் முழங்காலில் வந்து முட்டினாள்.

சம்பந்தியம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். வாங்கிக் குடித்தேன். எட்டிப் பிடித்து அம்மிணியும் கேட்டாள். சுகந்தியைப் பார்த்தேன். குடுங்க என்று தலையாட்டினாள். சொம்பைக் குழந்தை வாயில் சாய்த்தேன். பாதி கழுத்தில், பாதி என் சட்டையில்.

பரிசோதனையில் ரோஸ் போன மாதத்தைவிட இன்னும் லேசு. இனி மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும் என்றாள் மல்லிகேஸ்வரி. அதெல்லாம் முடியாது என்று சொல்லிவிட்டேன். உரத்து விஷயம், மேலே நாலு தோட்டம் இருக்கிறது, காளியப்பனை நம்ப முடியாது, மழை எப்போது வருமென்று தெரியாது. வாரம் ஒருமுறை தண்ணீர் பிடித்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை. நானே போய்ப் பிடித்துவருவேன்.

"அத்தன மருந்துத்தூளு எங்கிட்ட இல்லீங் மாமா" என்றாள்.

மருந்துத்தூள் இருக்கிறதோ இல்லையோ, பாட்டில் என்னிடம் இருக்கிறது.